நீலப் பாதி போன இடம்

என் தம்பி மனைவி பெலிண்டா தன் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், முதலில் இரண்டு கைகளையும் முட்டியாக மடக்கி ஒன்றோடொன்று ஒட்டி வைத்துக்கொள்வாள். பிறகு மெல்ல ஆட்டுவாள். கைகள் ஒட்டியபடியே நடுங்கும். "இப்படித்தான் அண்ணி இருக்கும். ஒரு நிமிஷம் சும்மா இருக்காது" என்பாள். முதல் முறை அதைப் பார்த்தபோது, மார்கழியில் காலைப் பூசைக்கு வந்து நிற்கிற கிழவிகளின் கைகள் நினைவுக்கு வந்தன. அவளிடம் சொல்லவில்லை.

எனக்குப் பேச வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கு முன்பும் நான் வகுப்பில் கை தூக்கியதாக ஞாபகம் இல்லை. பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். சேலையைக் கொடுக்க வருகிறவர்கள் "மேரி, வியாழக்கிழமை வேணும்" என்பார்கள், நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். தம்பி பிலோமின்ராஜ் துவாக்குடிப் பக்கம் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். பகலெல்லாம் இரும்புச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் அமைதிதான் பிடிக்கும். பெலிண்டா வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேச்சு என்று ஒன்று வந்தது.

அவள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா பணிமனையில் ஃபிட்டர். அவளைப் பற்றி அவள் அம்மா ஒன்று சொல்வார். யார் வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்தாலும் மற்றப் பிள்ளைகள் நகையையும் சேலையையும் பார்க்குமாம். இவள் மட்டும் ஒரு படத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? இதுக்கு அப்புறம் இந்த மாமா எங்க போனாரு?" என்று கேட்டுக் கேட்டு எல்லாரையும் விரட்டுவாளாம். இப்போது அவள் செய்கிற ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் மத்தியானம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எனக்கு விளக்கினாள். நம் உடம்பிலும், ஆடு மாடு உடம்பிலும், புழு பூச்சி உடம்பிலும் புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூல்கண்டு சிக்கிக்கொண்டதைப் போல மடங்கிக் கிடக்கும். அந்த மடிப்பில்தான் அதன் வேலை இருக்கிறது. பெரிய பெரிய கருவிகளை வைத்து அதைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

"ஆனா அது போட்டோதான் அண்ணி. போட்டோல யாரு அசைவா? உள்ள அது ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்த கண்ணால பாக்க வழியில்ல. அதனால கணக்குப் போட்டுப் பாக்குறோம். ஒவ்வொரு அணுவும் பக்கத்துல இருக்கறத எவ்வளவு தள்ளுது, எவ்வளவு இழுக்குதுன்னு கணக்கு. அதுபடி எல்லாத்தையும் ஒரு துளி நகத்தணும். நகந்ததும் மறுபடியும் கணக்கு. மறுபடியும் ஒரு துளி."

"கையாலயா?" என்றேன்.

சிரித்தாள். "கம்ப்யூட்டர்தான். எங்க காலேஜ்ல பெரிய மெஷின் இருக்கு. அதுவே வாரக்கணக்கா மூச்சு வாங்கும். வாரக்கணக்கா ஓடி அது காட்டுறது, கண்ண மூடித் திறக்குற நேரத்துல கோடியில ஒரு பங்கு கூட இருக்காது."

அவள் எடுத்துக்கொண்ட புரதம் யானைக்கால் நோயைக் கொடுக்கும் புழுவுடையது. இரண்டு பாதிகள் ஒட்டிச் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு சின்ன மருந்துத் துணுக்கை அதன் இடுக்கில் வைத்தால் பாதிகள் பிரியுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. பிரிந்தால் புழு பிழைக்காது.

பிலோமின் அவளைக் கிண்டல் செய்வான். "அக்கா, ஊர்ல அவனவன் பொண்டாட்டி சீரியல் பாக்குறா. எம்பொண்டாட்டி புழுவுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுக்கப் போறா." ஆனால் கூட வேலை செய்கிறவர்களிடம் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவள் மடிக்கணினியில் அந்தப் புரதத்தைக் காட்டுவாள். ஒரு பாதிக்கு நீலம், ஒரு பாதிக்கு ஆரஞ்சு. இரண்டும் சேர்ந்து விம்மும், நெளியும். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். தண்ணீருக்குள் இருப்பதாகத்தான் கணக்காம், ஆனால் தண்ணீரைக் காட்டினால் மூடுபனி மாதிரி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று அதை அணைத்து வைத்திருப்பாள்.

"எவ்வளவு தண்ணி?" என்று பிலோமின் ஒருமுறை கேட்டான்.

"ஒரு பெட்டி. கடல் முழுக்கக் கணக்குப் போட முடியுமா? அதனால ஒரு பெட்டிதான். ஆனா அதுக்குச் செவுரு கிடையாதுங்க. வலது பக்கம் வெளிய போனது இடது பக்கமா உள்ள வந்துரும். அப்பதான் பெட்டிக்கு முடிவே இல்லாத மாதிரி இருக்கும்."

"நம்ம ஒண்ணாம் நம்பர் பஸ்ஸு மாதிரின்னு சொல்லு. முன்னாடி படியில எறங்குனவன் பின்னாடி படியில தொத்திக்கிட்டு வருவான்."

"அதேதான்!" என்று அவள் கைதட்டினாள். கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டியைப் பற்றி அவள்தான் பாடம் எடுக்கிறாள். பஸ் உதாரணத்தை அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிட்டதாக வந்து சொன்னாள்.

பிரசவத்துக்குப் போவதற்கு முன்பு மருந்து வைத்த கணக்கை மெஷினில் ஓட விட்டுவிட்டுப் போனாள். டெல்பின் பிறந்தாள். குழந்தைக்குத் தலை நிற்பதற்குள் பெலிண்டா மறுபடியும் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. உதவித்தொகை நின்றுவிட்டது. இந்த வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அவள் துறையில் காலியாகும் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தவறினால் அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். அப்புறம் எப்போது காலியாகுமோ தெரியாது.

டெல்பின் தூளியில் கிடந்தாள். நான் ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். பெலிண்டா படத்தை ஓட விட்டாள். நீலமும் ஆரஞ்சும் நெளிந்துகொண்டே இருந்தன. திடீரென்று நீலம் தூரத்தில் இருந்தது.

"அண்ணி!" என்று கத்தினாள். குழந்தை விழித்து அழுதது. அவளுக்கு அதுகூடக் கேட்கவில்லை. "பிரிஞ்சிருச்சு அண்ணி! பாருங்க, பிரிஞ்சிருச்சு!" முட்டிகளை ஒட்டி வைத்து, பிறகு அகற்றி, கைகளை அகல விரித்துக் காட்டினாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழந்தையை முதலில் கையில் வாங்கியபோதுகூடக் களைப்பாகத்தான் இருந்தாள்.

அன்று பிலோமின் மைசூர்பாகு வாங்கி வந்தான். அவளுக்கு வழிகாட்டியான அருள்ராஜ் சாருக்கு ரொம்பச் சந்தோஷம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்லூரியில் நடக்கவிருந்த கருத்தரங்கில் அவள் இதைப் பற்றிப் பேசுவதாகப் பெயர் கொடுத்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அந்தோணியார் கோயிலுக்குப் போய், பெலிண்டாவுக்காக வேண்டிக்கொண்டபடி வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ரொட்டி வாங்கிய பையை மடித்து வைத்திருந்ததைப் பார்த்து பெலிண்டா கண்டுபிடித்துவிட்டாள். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

கருத்தரங்குக்கு முந்திய வாரம், வீடு தூங்குகிற மத்தியான நேரம். காட்டப்போகிற படங்களை அவள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். முதல் படம் பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று, அணைத்து வைத்திருந்த தண்ணீரைத் திரும்பப் போட்டாள். திரை முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். நடுவே இரண்டு நிறங்கள். நான் பார்த்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது அவள் அசையாமல் இருந்தாள். மவுஸ்மேல் கை இருந்தது, விரல் அழுத்தவில்லை. தண்ணீரோடு பார்த்தால் பெட்டி எங்கே முடிகிறது என்று தெரிகிறது. ஆரஞ்சுப் பாதி ஒரு ஓரத்தில் ஒட்டி இருந்தது. நீலம் அதற்கு நேர் எதிர் ஓரத்தில் ஒட்டி இருந்தது. அவள் மெதுவாக ஏதோ தட்டினாள். அதே பெட்டி பக்கத்தில் இன்னொன்றாக வந்து நின்றது. இந்தப் பெட்டியின் ஆரஞ்சும் அந்தப் பெட்டியின் நீலமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன, எப்போதும் போல.

"பிரியவே இல்ல அண்ணி" என்றாள். "வலது பக்கம் வெளிய போயி இடது பக்கமா உள்ள வந்திருக்கு. அவ்வளவுதான். படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி பாதிகளைச் சேத்து வைக்கணும், அது ஒரு படி. நான் செய்யல. தண்ணியையும் அணைச்சுட்டேனா, பெட்டியும் தெரியல. பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்குறேன் அண்ணி, இத. பஸ் கதையெல்லாம் சொல்லி."

நான் எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு என் சேலையில் முகத்தை வைத்து அழுதாள். என் சேலையில் குத்தியிருந்த ஊசி அவள் நெற்றியில் பட்டுவிடுமோ என்று அதை மெல்ல எடுத்துத் தூர வைத்தேன்.

சாயங்காலம் பிலோமினிடம் சொன்னாள். அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றான்.

"எனக்குத் தெரியும்ல."

"அதில்ல பெலிண்டா. நீ பேசி முடிச்சுரு. அப்புறமா மெதுவா சரி பண்ணிக்க முடியாதா? இந்த வருஷம் போச்சுன்னா…"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவனே குழாயை மூடினான். "நான் ஒருநாள் ஒரு கேட்டுக்கு வெல்டிங் பத்த வெச்சேன்" என்றான், துண்டில் கையைத் துடைத்தபடி. "பாக்க நல்லா இருந்துச்சு. உள்ள ஒட்டுப் பிடிக்கல. மேஸ்திரி கண்டுபிடிக்கல. அந்தக் கேட் இருக்குற தெரு வழியா இன்னிக்கும் நான் போறதில்ல." துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "போய்ச் சொல்லிரு" என்றான்.

மறுநாள் அவள் சாரைப் பார்க்கக் கிளம்பியபோது, குழந்தை பால் குடிக்கிற பிள்ளை என்பதால் நானும் கூடப் போக வேண்டி வந்தது. பிறத்தியார் வீட்டுக்குள் நுழைவதென்றால் எனக்குக் கால் கூசும். கே.கே. நகரில் இறங்கி அவர் வீட்டு கேட்டுக்கு முன் நின்றபோது, பெலிண்டா என்னை விடவும் பயந்திருந்தாள். அழைப்பு மணியில் விரலை வைத்து வைத்து எடுத்தாள். டெல்பின் என் தோளில் இருந்தபடி எட்டி அதை அமுக்கிவிட்டாள்.

அருள்ராஜ் சார் லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். கருத்தரங்குக்குச் சட்டை எடுத்ததைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். பெலிண்டா உட்காரவில்லை. மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்து, தண்ணீரோடு இருந்த படத்தைக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது.

"இது எந்தத் தடவ ஓட்டுன ரன்?"

"அதேதான் சார்."

"முதல் வருஷப் பசங்களுக்கு இத நீதானே சொல்லிக் கொடுக்குற?"

"ஆமா சார்."

"நாலு பேரு முன்னாடி நான் பேசிட்டேன். பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவி வந்து குழந்தையைப் பார்த்து, "அடடே, பல்லு வந்துருச்சா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். காபி வந்தது. சார் வரவில்லை. பெலிண்டா காபியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அதில் ஆடை படிந்தது.

அவர் திரும்பி வந்தபோது சட்டை போட்டிருந்தார். கண்ணாடியும் போட்டிருந்தார். உட்கார்ந்து, படத்தை முதலிலிருந்து ஓட விட்டுப் பார்த்தார். நீலம் தாவுகிற இடத்தில் நிறுத்தினார். பின்னால் போனார். மறுபடியும் ஓட விட்டார். அவர் அவளுடைய தவறைத் தேடவில்லை. தான் எங்கே கோட்டைவிட்டோம் என்று தேடினார். கேட்காமலே எனக்கு அது தெரிந்தது.

"ஒரே எட்டுல தாவுது பாரு. நிஜமாப் பிரியறது இப்படியா பிரியும்? தயங்கித் தயங்கித்தான் போகும். எனக்கும் கண்ணு இருந்துச்சே. நானும் பாக்கலையேம்மா" என்றார்.

பெலிண்டா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

பேச்சை ரத்து செய்யச் சொல்லி அவரே போன் போட்டார். மருந்து அந்தப் பாதிகளை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும், அதையும் வேறு வேறு தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுத முடியும், இந்த வருடம் முடியாது என்றார். அவள் "சரி சார்" என்றாள். ஆசிரியர் வேலை அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"கருத்தரங்குக்கு வந்துரு. பேசல, அவ்வளவுதான். வீட்டுல ஒளிஞ்சுக்காத."

பஸ்ஸில் வரும்போது பெலிண்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்தோணியார்கிட்ட என்ன அண்ணி சொல்லப் போறீங்க? ரொட்டியெல்லாம் கொடுத்துட்டீங்களே" என்றாள்.

நான் யோசித்தேன். "ரொட்டி சாப்பிட்டவங்களுக்குப் பசி அடங்குச்சுல்ல. அது பொய் இல்லையே" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். குழந்தை எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது.

கருத்தரங்கு அன்று சத்திரம் பேருந்து நிலையத்தில் மாறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். ஆற்றில் தண்ணீர் இருந்தது. டெல்பின் அதைப் பார்த்துக் காலை உதைத்தாள். பெலிண்டா கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். பேசுவதற்கென்று எடுத்து வைத்திருந்த சேலைக்குத்தான் நான் ஃபால்ஸ் தைத்திருந்தேன். அதை அவள் கட்டவில்லை.

மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் குழந்தையோடு உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கடைசி வரிசையில் பெலிண்டாவின் தலை தெரிந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையில் நிறங்கள் நெளிந்தபோது மட்டும் பழக்கப்பட்டவர்களைப் பார்த்தது போல இருந்தது.

கடைசியாக ஒரு பெண் பேசினாள். தஹ்ஸீன் என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிய சின்னப் பெண். முதல் மேடை போலிருக்கிறது, ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய புரதம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் இல்லை. ஆடிக்கொண்டே இருந்தவற்றில் மஞ்சள் திடீரென்று தூரத்தில் இருந்தது. கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த யாரோ "பிரமாதம்" என்றது எனக்கே கேட்டது.

நான் பெலிண்டாவைப் பார்த்தேன். அவள் முதுகு நிமிர்ந்தது. அவள் சட்டென்று எழுந்து ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "கேள்விகள் உண்டா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். அவள் கை முழங்கால்மேல் இருந்தது. அங்கேயே இருந்தது.

தேநீருக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். தஹ்ஸீனைச் சுற்றி நின்றவர்கள் பாராட்டிவிட்டுப் போண்டாத் தட்டோடு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பெலிண்டா தூண் பக்கம் காத்திருந்தாள். எல்லாரும் போன பிறகு இரண்டு டம்ளர் தேநீரோடு அந்தப் பெண்ணிடம் போனாள். ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. தன் டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கைகள் இரண்டையும் முட்டியாக மடக்கி ஒட்டினாள். ஆட்டினாள். ஒரு கையை வலது பக்கமாகக் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னால் சுற்றி, இடது பக்கமாகக் கொண்டுவந்தாள்.

தஹ்ஸீனின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு பெலிண்டா எனக்குச் சொன்னாள். தஹ்ஸீனுடைய படத்தை இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது, நிஜமாகவே பிரிந்திருக்கவும் கூடும் என்றாள். "நான் சொன்னதெல்லாம் ஒண்ணுதான் அண்ணி. தண்ணியச் சேத்து ஒரு தடவ பாத்துட்டீங்களா, நான் பாக்காம விட்டுட்டேன் அப்படின்னேன்."

அப்போது எனக்கு அது தெரியாது. அந்தப் பெண்ணின் தோள்கள் இறங்கியதும், பெலிண்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்ததும்தான் கண்ணில் பட்டன. மடிக்கணினி திறந்தது. இரண்டு தலைகளும் அதன்மேல் குனிந்தன. பெலிண்டாவின் கை அந்தப் பெண்ணின் முதுகில் இருந்தது.

டெல்பினுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. சிணுங்க ஆரம்பித்தாள். நான் கூப்பிட்டிருந்தால் பெலிண்டா உடனே வந்திருப்பாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, தாழ்வாரத்தின் மறுகோடி வரை நடந்தேன். திரும்பினேன். இன்னும் குனிந்தபடிதான் இருந்தார்கள். மறுபடியும் நடந்தேன்.